பச்சைத் தைலம்

அத்தியாயம் 11

போன வாரம் ஜெபராணியை மெட்ராஸில், மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தபடி நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டோம். பாவம், ஏழு நாளாக அப்படியே நிற்கிறாள். கால் வலிக்காதா?

அவளை உட்கார வைப்பதற்கு முன்னால், இந்த வாரம்தான் புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் அதற்குள் காபி குடித்துவிட்டு வரலாம்.

ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் அற்புதராஜின் ஒரே மகள் ஜெபராணி. அம்மா சாரா, புருஷனோடு பட்டறையில் சரிக்குச் சரி நின்று வேலை செய்தவள். ஒரு நாள் அவள் உள்ளங்காலில் கருப்பாக ஒரு கறை தெரிந்தது. வேறு வீடாக இருந்தால் என்ன ஏது என்று பார்த்திருப்பார்கள். சாயப் பட்டறையில் காலில் கறை இல்லாத ஆள் யார்? சாயம்தான் என்று முடிவு கட்டி ஆறு மாதம் தேய்த்தார்கள். பீர்க்கங்கூட்டால் தேய்த்தார்கள், செங்கல் பொடியால் தேய்த்தார்கள். கறை போகவில்லை. புண்ணாயிற்று. அதன் பிறகுதான் டாக்டரிடம் போனார்கள். அவர் பார்த்த உடனே, இது தோலில் வரும் புற்றுநோய், நாளைக்கே வேலூருக்குப் போய் அறுத்து எடுத்துவிடுங்கள் என்று சொன்னார்.

அப்போது குறுக்கே வந்து விழுந்தவர்தான் பெரியப்பா பவுல்துரை. அற்புதராஜின் அண்ணன். சபையில் மூப்பர். பரம்பரையாக உடும்புத் தைலம் விற்பவர்.

"கத்தி பட்டா கால் போயிடும். என் தைலத்தைப் பதினாறு நாள் தடவுங்க" என்றார்.

தடவினார்கள். மேல்தோல் மூடிக்கொண்டது. பவுல்துரை சூட்டோடு சூடாக சாராவிடம் ஒரு கையெழுத்து வாங்கி நோட்டீஸ் அடித்துவிட்டார். உள்ளே போன நோய் நாலே மாதத்தில் சாராவைக் கொண்டுபோயிற்று. நோட்டீஸ் மட்டும் சாகவில்லை. 'என் காலில் இருந்த கரும்புண் பதினாறே நாளில் பூரண குணமாயிற்று. இப்படிக்கு சாரா, ஆரணி' என்று மூன்று வருஷமாகச் சந்தைக்குச் சந்தை கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

அம்மா செத்ததைக்கூட ஜெபராணி பொறுத்துக்கொண்டிருப்பாள். செத்தவள் சௌக்கியமாக இருப்பதாக அச்சடித்துக் கொடுத்தார்களே, அதுதான் அவள் வயிற்றில் நெருப்பாக உட்கார்ந்துவிட்டது. மெட்ராஸில் புற்றுநோய் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் அவளுக்கு உதவியாளர் வேலை கிடைத்தபோது, கடவுளே கையில் அரிவாளைக் கொடுத்ததாக நினைத்தாள். தைலத்தைப் பரிசோதிப்பது, உதவாக்கரை என்று நிரூபிப்பது, ஊர் நடுவில் பெரியப்பாவின் முகத்தில் கரியைப் பூசுவது. அவளுக்கு வேறு லட்சியமே இல்லை.

அதற்காக ஆராய்ச்சிக்கூடத்து டாக்டர் அபிதகுசாம்பாளிடம் கெஞ்சி அனுமதி வாங்கினாள். கண்ணாடித் தட்டுகளில் உயிரோடு வளர்க்கிற தோல் புற்றுநோய் செல்கள் அங்கே உண்டு. இரண்டு பாட்டில் தைலம் வைத்திருந்தாள். ஒன்று, அம்மா தடவி மிச்சம் வைத்தது. மஞ்சள் நிறம். இன்னொன்று, போன மாதம் பெரியப்பா கடையில் ஆள் விட்டு வாங்கியது. பச்சை நிறம். எண்ணெய் தண்ணீரில் கலக்காது என்பதால் இரண்டையும் கொஞ்சம் ஆல்கஹாலில் கரைத்து, தட்டுக்கு ஒன்றாக விட்டாள். வெறும் ஆல்கஹால் விட்ட தட்டு ஒன்றையும் ஒப்பிட்டுப் பார்க்க வைத்தாள். இரண்டு நாள் கழித்து நீலச் சாயம் விட்டுப் பார்க்க வேண்டும். செத்த செல் சாயத்தை உள்ளே விடும், உயிருள்ள செல் விடாது. சாயக்காரர் மகளுக்கு இதை யாரும் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அம்மாவின் மஞ்சள் தைலத்தில் செல்கள் ஜாம் ஜாமென்று வாழ்ந்துகொண்டிருந்தன. ஜெபராணி சிரித்துவிட்டாள்.

பச்சைத் தைலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு நீலமாகிச் செத்துக் கிடந்தன. அங்கேதான் போன வாரம் நிறுத்தினோம்.

காபி குடித்தாயிற்றா? வாருங்கள்.

*

"ஏம்மா பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?" என்றார் டாக்டர் அபிதகுசாம்பாள்.

"எங்க பெரியப்பா ஜெயிச்சுட்டாரு டாக்டர்."

டாக்டர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"கெரசின் ஊத்தினாலும்தான் இதுங்க செத்துப்போகும். அதுக்காக கெரசினை மருந்துன்னு சொல்லுவியா? நோய் இல்லாத தோல் செல்லு பக்கத்து அறையிலே இருக்கு. அதுமேல இதே தைலத்தை விட்டுப் பாரு. அப்புறம் அழு."

பார்த்தாள். நல்ல தோலும் அதே போல நீலமாகிக் கிடந்தது. ஒன்றுகூட மிச்சமில்லை. டாக்டர் பச்சைத் தைலத்தில் கொஞ்சம் எடுத்து ரசாயனப் பிரிவுக்கு அனுப்பினார். செம்பு உப்பு, அதுவும் தாராளமாக என்று பதில் வந்தது.

"உங்க பெரியப்பா விக்கறது மருந்து இல்லேம்மா. விஷம்" என்றார் டாக்டர். அதையே அறிக்கையாகத் தட்டெழுதிக் கையெழுத்துப் போட்டார். முதல் பக்கத்தில் புற்றுநோய் செல் செத்த கதை, இரண்டாம் பக்கத்தில் நல்ல செல் செத்த கதையும் செம்பும்.

ஜெபராணிக்கு அன்றைக்குப் பசித்தது. அம்மா போனதிலிருந்து கடமைக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், கேன்டீனில் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாள். உதவாக்கரை என்று நிரூபிக்கப் போனவளுக்கு விஷம் என்றே கிடைத்துவிட்டதே! உதவாக்கரைக்கு ஊர் சிரிக்கும், அவ்வளவுதான். விஷத்துக்கு விலங்கு மாட்டுவார்கள்.

அறைக்குப் போனதும் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு ஒரு புகார் எழுதினாள். 'ஆரணி பவுல்துரை என்பவர் தைலத்தில் தெரிந்தே விஷம் கலந்து விற்கிறார்' என்று அழுத்தி எழுதினாள். தாள் கிழியாதது ஆச்சரியம். உறையில் போட்டு ஒட்டி, ஸ்டாம்பும் ஒட்டினாள்.

ஆனால் தபாலில் போடவில்லை. பழி வாங்கக் கிளம்புகிறவர்களிடம் இந்தப் பலவீனம் உண்டு. அடித்தால் மட்டும் போதாது, அடி விழுகிற முகத்தைக் கிட்டே நின்று பார்க்க வேண்டும்.

சனிக்கிழமை விடிந்ததும் ஆரணி பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

*

கார்த்திகை மழை நசநசவென்று தூறிக்கொண்டிருந்தது. கோட்டை மைதானம் பக்கத்தில் பெரியப்பாவின் தைலக் கடை. மூன்று வருஷத்துக்கு முன்பு தகரக் கொட்டகை. இப்போது மாடி, மாடி மேல் போர்டு. போர்டில் 'ஒரிஜினல் பச்சை உடும்புத் தைலம்' என்ற எழுத்துக்குக் கீழே ஒரு உடும்பு வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

பவுல்துரை வெள்ளை ஜிப்பாவில், பாட்டிலைக் கையில் ஏந்திக் கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பாட்டிலையும் ஜெபித்துத்தான் கொடுப்பார். அது ஒரு தனி விளம்பரம். எதிரே லுங்கியும் நனைந்த சட்டையுமாக ஒரு ஆள் பயபக்தியோடு நின்றார்.

"ஆமென்" என்று கண்ணைத் திறந்த பவுல்துரை, ஜெபராணியைப் பார்த்து மலர்ந்துவிட்டார்.

"அட, ஜெபா! இன்னாம்மா, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கறே? மழையில நனைஞ்சிகினு... உள்ள வா. ஊட்டுக்குப் போனியா? அப்பனைப் பாத்தியா?"

"இல்ல பெரியப்பா. மொதல்ல உங்களைத்தான் பாக்கணும்னு வந்தேன். மெட்ராஸ்லேருந்து உங்களுக்கு ஒரு சர்டிபிகேட் கொணாந்திருக்கேன்."

"சர்டிபிகேட்டா!" பெரியப்பா அந்த லுங்கிக்காரரைப் பார்த்தார். "பாத்தியா மாணிக்கவேலு? என் தம்பி பொண்ணு. மெட்ராஸ்ல கேன்சர் ஆராய்ச்சியில கீது. இவரு பெரணமல்லூரும்மா. தறிக்காரரு. ஊட்டுக்காரம்மா கமலத்துக்கு உள்ளங்கால்ல கருப்பா ஒரு புண்ணாம். உங்கம்மாவுக்கு வந்த மாதிரியே. அதான் நோட்டீசைப் பாத்துட்டு வந்திருக்காரு."

ஜெபராணிக்குச் சுருக்கென்றது. அந்த ஆளை வெளியே இழுத்துக்கொண்டு போய், உன் பெண்டாட்டியை வேலூருக்குக் கூட்டிக்கொண்டு ஓடு என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கை ஏற்கெனவே பைக்குள் போய் அறிக்கை இருந்த உறையைப் பிடித்திருந்தது. ஒரே ஒரு நிமிஷம், இந்த மனுஷன் முகம் தொங்கட்டும், பிறகு மாணிக்கவேலிடம் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

இரண்டாம் பக்கத்தை மேலே வைத்து நீட்டுவதாகத்தான் பஸ்ஸில் ஒத்திகை பார்த்திருந்தாள். பெரியப்பா அதற்கெல்லாம் இடம் கொடுக்கவில்லை. உறையைப் பிடுங்காத குறையாக வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் பக்கத்தை உரக்கப் படிக்க ஆரம்பித்துவிட்டார். மிஷன் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ், கணீரென்று வந்தது.

"கேன்சர் செல்ஸ்... நைன்ட்டி பர்சென்ட்... டெட்!" தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்! மாணிக்கவேலு, கேட்டுக்கய்யா. மெட்ராஸ்ல பெரிய டாக்டரம்மா மிஷின்ல வெச்சுப் பாத்து எழுதிக் கீறாங்க. நூத்துக்குத் தொண்ணூறு கேன்சர் காலி!"

"பெரியப்பா, அது மொதல் பக்கம்தான். பின்னால—"

"காலி ஆச்சா இல்லியா? அதை மட்டும் சொல்லும்மா."

"ஆச்சு. ஆனா—"

"போதும்! அந்த ஒரு வார்த்தை போதும்மா எனக்கு." கிழவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர்.

மாணிக்கவேல் தான் வாங்கிய இரண்டு பாட்டிலையும் லுங்கி மடிப்பில் பத்திரப்படுத்திக்கொண்டார். "பஸ்ஸு வந்துடும் சாமி, நான் ஜல்தியா போவணும். தடவுனா எரியுமா?"

"எரியும். எரிஞ்சாதான் வேலை செய்யுதுன்னு அர்த்தம். பொறுத்துக்கச் சொல்லு."

"அண்ணே, இருங்க. அதைத் தடவாதீங்க, இன்னொரு பக்கம் இருக்கு" என்றாள் ஜெபராணி.

மாணிக்கவேல் அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "ரொம்ப பேஜாரா இருந்துச்சும்மா மனசு. யாரைக் கேட்டாலும் ஒண்ணு சொல்றாங்க. நீ இந்த வூட்டுப் பொண்ணு, ஆஸ்பத்திரியில இருக்கற பொண்ணு. நீயே எழுதிக் கொணாந்து குடுக்கறே. இதுக்கு மேல எனக்கு இன்னா வேணும்?" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கி ஓடினார்.

ஜெபராணி இரண்டடி எடுத்து வைத்தாள். திரும்பிப் பார்த்தாள். பெரியப்பா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை அப்படியே விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனசு வரவில்லை. திரும்பி வந்தாள்.

இதைத்தான் அவள் பிற்பாடு எத்தனையோ நாள் நினைத்து நினைத்துக் குமைந்தாள்.

"குடுங்க அதை" என்று தாளை வாங்கி, இரண்டாம் பக்கத்தைத் திருப்பி, ஒவ்வொரு வரியையும் தமிழில் சொன்னாள். நல்ல தோல் செத்தது. ஒன்றுவிடாமல் செத்தது. செம்பு உப்பு. விஷம். கடைசி வார்த்தையை இரண்டு தரம் சொன்னாள்.

பவுல்துரையின் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல இறங்கியது. ஆசை தீரப் பார்த்தாள். மூன்று வருஷம் காத்திருந்த முகம் அது. ஆனால் அதில் அவள் எதிர்பார்த்த திருட்டு முழி இல்லை. குழப்பம்தான் இருந்தது.

"செம்பா? நான் எதுக்கும்மா செம்பு கலக்கப் போறேன்?"

"அதை அதிகாரி வந்து கேப்பாரு. அப்ப சொல்லுங்க."

"வேதபுஸ்தகத்து மேல கை வெச்சுச் சொல்றேன் ஜெபா. கொழுப்பை டின்னுல வாங்கி உங்கப்பன் பட்டறையில எறக்கறதோட என் வேலை முடிஞ்சுது. எங்கப்பா காலத்துலேருந்தே அப்படித்தானே? மழைக்காலத்துல நூலு காயாது, பட்டறை சும்மா கெடக்கும், பெரிய அண்டா அங்கதான் கீது. காய்ச்சறது, வடிகட்டறது, பாட்டில்ல ஊத்தறது எல்லாம் அற்புதம்தான். நான் மூடியைக்கூட தொறந்து பாக்கறதில்ல."

"பொய் சொல்லாதீங்க."

"நான் இன்னாத்துக்கும்மா பொய் சொல்றேன்? முன்னல்லாம் மஞ்சளா வரும். மூணு வருசமா பச்சையா வருது. சனங்க பச்சைத் தைலம், பச்சைத் தைலம்னு கேட்டு வாங்கறாங்க. ஏன் பச்சைன்னு நான் கேக்கல. கர்த்தர் குடுத்த கலருன்னு நெனச்சேன்."

மூன்று வருஷம் என்ற வார்த்தை ஜெபராணியின் காதில் போய்த் தங்கியது. அம்மாவின் பாட்டில் மஞ்சள். அம்மா போன பிறகு வந்ததெல்லாம் பச்சை.

செம்பு உப்பு என்று ரசாயனப் பிரிவு எழுதிக் கொடுத்தபோதே அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். கருப்புச் சாயத்துக்குப் போடும் துத்தத்தை, அதாவது அதே செம்பு உப்பை, சின்ன வயசில் கற்கண்டு என்று நினைத்து வாயில் போட்டு அம்மாவிடம் அடி வாங்கியவள் அவள். ஆனால் கோபத்துக்கு ஒரே ஒரு ஆளைத்தான் தெரியும். மற்றவர்கள் யாரும் அதன் கண்ணில் படமாட்டார்கள்.

அறிக்கையைப் பைக்குள் திணித்துக்கொண்டு பட்டறைக்கு நடந்தாள்.

*

பட்டறைக் கொட்டகையில் ஆள் யாரும் இல்லை. நூல் காயப்போடும் மூங்கில்கள் வெறுமனே கிடந்தன. மூலையில் பெரிய செம்பு அண்டா அடுப்பில் ஏறியிருந்தது. கொழுப்பு உருகும் நாற்றம் தெரு முனையிலேயே மூக்கைத் துளைத்தது.

அற்புதராஜ் முதுகைக் காட்டிக்கொண்டு அண்டாவின் முன் நின்றிருந்தார். இடுப்பிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தார். நீல நீலமாக ஏதோ மின்னியது. ஒரு கை நிறைய அள்ளி அண்டாவுக்குள் போட்டார்.

"அப்பா."

அவர் திடுக்கிடவில்லை. முடிச்சை மறைக்கவும் இல்லை. திரும்பி மகளைப் பார்த்து, "வா கண்ணு" என்றார்.

"இன்னாப்பா அது?"

"துத்தம்."

"எத்தினி நாளா?"

"உங்கம்மா போனதுலேருந்து."

ஜெபராணி அங்கே கிடந்த பலகையில் உட்கார்ந்துவிட்டாள்.

அற்புதராஜ் பேசுகிற மனிதர் இல்லை. சாராவின் சவப்பெட்டி இறங்கும்போதுகூட அண்ணன் சொன்னபடி நின்று, அண்ணன் சொன்னபடி மண் போட்டவர். அந்த நோட்டீஸை அவர் வீட்டுக் கதவிலேயே ஒட்டியபோதும் வாய் திறக்காதவர். அதற்காக ஜெபராணி அவரை மனசுக்குள் எத்தனை முறை கோழை என்று ஏசியிருக்கிறாள்! அந்த மனுஷன் இப்போது அடுப்பைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அவனை நேருக்கு நேரா கேக்க எனக்குத் தைரியம் இல்ல."

அண்ணனை அவர் 'அவன்' என்று சொல்லி ஜெபராணி கேட்டதே இல்லை.

"பெரியவனாப் பொறந்துட்டான், மூப்பராயிட்டான். நான் இன்னா பண்ணுவேன்? தைலத்துல இதைப் போட்டா தடவறவங்க தோலு வெந்துபோவும். வெந்தவங்க வந்து அவன் கடை வாசல்ல காறித் துப்புவாங்க. பேரு நாறிப் போவும். சாராவுக்கு நான் செய்யறது இது ஒண்ணுதான்னு நெனச்சேன். மொத வருசம் ஒரு கை போட்டேன்."

"அப்புறம்?"

"ஒருத்தனும் துப்பல. காரமா கீது, சுள்ளுன்னு புடிக்குது, இதான் அசல்னு சொல்லி இன்னும் ரெண்டு பேரை இட்டுகினு வந்தாங்க. அடுத்த வருசம் ரெண்டு கை போட்டேன். கடை பெருசாச்சு. போன வருசம் மூணு. மாடி கட்டிட்டான்."

அண்ணனின் கூரைக்குத் தீ வைக்கப் போய், செங்கல் எடுத்துக் கொடுத்திருக்கிறார் மனுஷன். வேறு யார் வீட்டுக் கதையாக இருந்தாலும் ஜெபராணி விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், அவளுக்கு முதலில் வந்தது பயம் இல்லை, சந்தோஷம். அப்பாவுக்கும் கோபம் வந்திருக்கிறது! மூன்று வருஷமாக இந்த வீட்டில் தான் மட்டும் எரியவில்லை! எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சாயம் ஏறி ஏறி ஊதாவாகிப்போன கை.

"நானும் அதுக்குத்தான்பா அலைஞ்சுகினு இருக்கேன்" என்று சொல்லி, அறிக்கையைக் காட்டினாள். புகார் உறையைக் காட்டி, உள்ளே எழுதியிருந்ததைச் சொன்னாள். கடையில் நடந்ததைச் சொன்னாள். பெரணமல்லூர்க்காரர் இரண்டு பாட்டில் வாங்கிப் போனதையும், அவர் பெண்டாட்டிக்கு உள்ளங்காலில் கருப்புப் புண் என்பதையும் போகிற போக்கில் சொன்னாள்.

அற்புதராஜின் கை அவள் கையிலிருந்து நழுவியது.

"உள்ளங்கால்லயா?"

"ஆமாப்பா."

"பொம்பளைக்கா?"

"அவரு ஊட்டுக்காரம்மாவாம். கமலம்னு பேரு."

"நீ தடுக்கலையா?"

ஜெபராணி வாயைத் திறந்தாள். சொன்னேன், அவர் கேட்கவில்லை என்று சொல்லலாம். அது பொய் இல்லை. ஆனால் பின்னாலேயே ஓடியிருந்தால் பத்தடியில் பிடித்திருக்கலாம். ஓடாமல் யார் முகத்தைப் பார்க்கத் திரும்பினாள் என்று அவளுக்குத் தெரியும்.

"இல்லப்பா" என்றாள்.

அற்புதராஜ் குனிந்தார். அடுப்பிலிருந்த கட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து வெளியே போட்டார். ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து அவற்றின் மேல் கொட்டினார். கொட்டகை முழுக்கப் புகை. அதற்குள் நின்றபடி பேசினார்.

"படை, சொறி, வேர்க்குருன்னு வர்றவங்க தடவுவாங்க, நாலு நாள்ல வெந்துட்டுப் போவட்டும்னு நெனச்சேன். சாரா மாதிரி ஒருத்தி வருவான்னு நெனைக்கவே இல்ல கண்ணு. அவளுக்கும் நான்தானே தடவி விட்டேன், இந்தக் கையாலதானே. இப்ப மறுபடியும்..."

முடிக்காமல் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

*

பெரணமல்லூர் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் இருபது நிமிஷத்தில். பஸ் ஸ்டாண்டு டீக்கடை ஓரமாக, தபால் பெட்டிக்குப் பக்கத்தில் அப்பாவும் பெண்ணும் ஒதுங்கி நின்றார்கள்.

"அந்தம்மாவைக் கையோட இட்டுகினு நேரா வேலூருக்குப் போயிடறேன்" என்றார் அற்புதராஜ். பிறகு அவள் பையைப் பார்த்தார். "அந்தப் புகாரைக் குடு."

உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிரிக்கவில்லை.

"எழுதினதுல தப்பு ஒண்ணும் இல்ல ஜெபா. பேரை மட்டும் மாத்தி எழுது."

"மாட்டேன்."

"கண்ணு..."

"நான் எதுக்குப்பா மாத்தணும்? யாரு கடை அது? யாரு பேரு போட்டு விக்கறாங்க? கொழுப்பு யாரு வாங்கறது? அதிகாரி வந்தா அவரைத்தான் புடிப்பாங்க. புடிக்கட்டும்."

"அவன் கலக்கலையேம்மா."

ஜெபராணி அவர் கையிலிருந்து உறையை வாங்கிக்கொண்டாள். அவள் குரல் நடுங்கவில்லை. கண்ணும் கலங்கவில்லை. சபையில் வசனம் ஒப்பிக்கிற நிதானத்தோடு சொன்னாள்.

"அம்மாவுக்கு அவரு செஞ்சதுக்கு எந்தச் சட்டத்துலயும் பேரு இல்லப்பா. நான் விசாரிச்சுட்டேன். செய்யாததுக்காவது உள்ள போவட்டும்."

பெட்டியின் வாயில் உறையை வைத்தாள். ஒரு கணம் பிடித்திருந்தாள். விட்டுவிட்டாள். உள்ளே அது விழுந்த சத்தம் மழையில் கேட்கவில்லை.

ஆறுதலாக இருந்தது. இப்படி ஒரு ஆறுதல் இருக்கிறது என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது. அம்மா, முடிஞ்சுதும்மா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

பஸ் வந்தது. கூட்டம் முண்டியடித்தது. அற்புதராஜ் எப்படியோ படியில் ஒரு காலை வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஜெபராணி பின்னாலேயே ஏறுவதற்காகச் சேலையைத் தூக்கிச் சொருகினாள்.

"அப்பா, அவங்க ஊட்டுல போயி இன்னான்னு சொல்லி பாட்டிலை வாங்கப் போறீங்க?" என்று கேட்டாள். சும்மாதான் கேட்டாள்.

அற்புதராஜ் அவளைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை படித்த பெண்ணுக்கு இது எப்படித் தோன்றாமல் போயிற்று என்பது போல இருந்தது அந்தப் பார்வை.

"ஆஸ்பத்திரிப் பொண்ணே நல்லதுன்னு எழுதிக் குடுத்த தைலம்மா. வேணாம்னு சொன்னா யாரு குடுப்பாங்க? நான்தான் வெஷம் போட்டேன்னு சொன்னாத்தான் குடுப்பாங்க. அதைத்தான் சொல்லப் போறேன். அந்த ஊரு சனம் மொத்தமும் கேக்கறாப்பல சொல்லுவேன். அப்பால அதிகாரி வந்து கேட்டாலும் அதேதான்."

கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் நகர்ந்தது. அற்புதராஜ் கூட்டத்துக்குள் மறைந்தார்.

ஜெபராணி தபால் பெட்டியிடம் ஓடினாள். அதன் வாய்க்குள் கையை விட்டாள். விரல்கள் போயின, உள்ளங்கை போயிற்று. மணிக்கட்டில் வளையல் தட்டி நின்றுவிட்டது.